பெயரை ஏந்தி நின்றவர்

பெரியப்பா இறந்த செய்தி எனக்கு வேதியியல் செய்முறை வகுப்பில் வந்தது. கையில் பிப்பெட் இருந்தது. வாயில் ஒரு கடி ஜோக் பாதியில் இருந்தது. அலுவலக ஆயா வாசலில் நின்று, "கயல்விழிய கூப்புடுறாங்க. பெரியப்பா தவறிட்டாங்களாம், அவங்க அப்பா கேட்டுல நிக்கிறாங்க" என்று சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. லீவுக்காக நான் இதுவரை சாகடித்த உறவினர்களை ஏற்றினால் ஒரு மினி பஸ் நிரம்பிவிடும். "இந்தத் தடவ யாருடி?" என்று பக்கத்தில் நின்றவள் காதைக் கடித்தாள். நான் பிப்பெட்டைக் கழுவி ஸ்டாண்டில் வைத்தேன். பாதி ஜோக்கை அப்படியே விழுங்கினேன். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் என் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் முகம் தெரிந்துவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். "காலைல முடிஞ்சிட்டும்மா. ஆஸ்பத்திரில தொணைக்கு இருந்த ஒங்க மாமாதான் போன் பண்ணுச்சு. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க, சாயங்காலத்துக்குள்ள வந்துடும்" என்றார்.

பெரியப்பா சனிக்கிழமை வருவதாக இருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்துக்காகப் படுத்திருந்தவரை, கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று அனுப்பச் சம்மதித்திருந்தார்கள். ஆனால் அவர் வியாழக்கிழமையே வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்பது அவருடைய தொழில் பழக்கம்.

இந்த அஞ்சலிக் குறிப்பை எழுத வேண்டியவர் அப்பா. எங்கள் ஊர் வாசகர் வட்டத்தினர் முதலில் அவரிடம்தான் கேட்டார்கள். மின்துறையில் வேலை பார்க்கும் அப்பா, மீட்டர் ரீடிங்கைத் தவிர தனக்கு எழுத வராது என்று சொல்லி என்னைக் கைகாட்டிவிட்டார். ஆகவே, பெரியப்பாவைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களுக்கு முதலில் அறிமுகம் செய்துவைக்கிறேன்.

சு. கலியமூர்த்தி, சுரக்குடியில் நெல் விளைவிக்கும் குடும்பத்தின் மூத்த மகன். காரைக்காலில் படிப்பை முடித்து, ஹோட்டல் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து காட்மாண்டு, கொழும்பு, கோவா என்று முப்பது வருடத்துக்கு மேல் சூதாட்ட விடுதிகளில் சந்தைப்படுத்தும் வேலை பார்த்தவர். வடக்கே யாருக்கும் அவர் பெயர் வாயில் நுழையவில்லை. 'காலி' என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். "நாலு எழுத்துல வேலையச் சொல்லச் சொன்னா எனக்கு ரெண்டே போதும். வர்றவங்க பர்ஸ்தான் என் பேரு" என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "தினமும் எவனாவது ஒரு கஸ்டமருக்குப் பொறந்தநாள். பொண்ணு பாக்க நாள் கெடைக்கல" என்று முடித்துவிடுவார்.

நான் ஆறாவது படிக்கும்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்தார். அந்தக் கோடையில் திருச்சியில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு, அம்மாவோடு ரயிலில் காரைக்காலில் வந்து இறங்கினேன். பிளாட்பாரத்தில் கோட்டு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு, மார்புக்கு நேராக அட்டை ஒன்றைப் பிடித்தபடி ஒருவர் விறைப்பாக நின்றிருந்தார். அதில், 'குமாரி கருவாட்டுவிழி அவர்களை வரவேற்கிறோம்' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு வேறு பக்கமாக நடந்தார். கயல் என்றால் மீன் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அடுத்த தடவை அவர் மருத்துவப் பரிசோதனைக்காகப் புதுச்சேரி போய்த் திரும்பியபோது, பேருந்து நிலையத்தில் நான் அட்டையோடு நின்றேன்: 'திரு. காலி மூர்த்தி, கைவசம் ஒன்றுமில்லை.' அதைப் பார்த்து நின்ற இடத்திலேயே குனிந்து வணக்கம் சொன்னார். அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் வெளியூர் போய் வந்தாலும் எங்கள் இருவரில் ஒருவர் அட்டையோடு நிற்பது வழக்கமாகிவிட்டது.

அட்டை பிடிப்பது அவருக்கு விளையாட்டு இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அதுதான் அவருடைய தொழிலின் முதல் பாடம். "டிரைவர் போர்டு புடிச்சா அது டாக்ஸி. மேனேஜரே புடிச்சா அது மரியாத" என்பார். விமான டிக்கெட் இலவசம், அறை இலவசம், சாப்பாடு இலவசம். ஆனால் ஆளை மறுபடி வரவழைப்பது இவை எதுவுமில்லை என்றார். "நாங்க விக்கிறது சீட்டு இல்ல கயலு. வீட்ல தண்ணி குடுக்கக்கூட யாரும் எந்திரிக்காத ஒருத்தனுக்கு ஏர்போர்ட்ல ஒருத்தன் அவன் பேர நெஞ்சுல வச்சிக்கிட்டு நிக்கிறான். அத அவன் வாழ்நாள்ல மறக்க மாட்டான். அதுக்காகத்தான் திரும்ப வருவான்."

திருநள்ளாற்றுக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. "சனீஸ்வரன் ஊருக்காரன் கூப்புட்டு யாராவது வராம இருப்பாங்களா? ஆனா அவரு ஏழரை வருஷத்துல விட்டுடுவாரு. எங்க கம்பெனி விடாது."

அவர் எழுத ஆரம்பித்தது செல்பேசியில். தெருக்காரர்களின் வாட்சப் குழுவில் காலை வணக்கமும் ரோஜாப் பூவும் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவில், இவர் பத்து வரியில் ஏதாவது போடுவார். சூதாட்டக் கூடத்தில் கடிகாரமும் ஜன்னலும் வைக்க மாட்டார்கள், ஆளுக்கு நேரம் தெரியக் கூடாது. எங்கள் பாட்டன் வீட்டு அடுப்படியும் அப்படித்தான் கட்டியிருந்தது, சீட்டுக்கட்டு மட்டும்தான் கொடுக்கவில்லை என்று ஒரு நாள் எழுதினார். அன்று தெருப் பெண்கள் அதையே பேசிக்கொண்டிருந்ததில் பல வீடுகளில் மத்தியானச் சாப்பாடு தாமதமானது. கைக்கடிகாரம் வரை கழற்றி வைத்துத் தோற்ற ஒருவர், இலவசச் சாப்பாட்டில் அப்பளம் ஒன்றுதான் வைத்தார்கள் என்று சண்டை போட்ட கதை இன்னொரு நாள். படித்தவர்கள் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். ஒரு மாத இதழ் கேட்டு வாங்கிப் போட்டது. பிறகு புத்தகமானது. பெயர், 'நகராத கப்பல்'. கோவாவில் அவர் வேலை பார்த்த சூதாட்டக் கப்பல் ஆற்றின் நடுவில் நங்கூரம் போட்டபடியே நிற்குமாம். "அது எங்கயும் போவாது. ஏறுனவங்கதான் போயிடுவாங்க" என்பதுதான் அதன் முதல் வரி.

எல்லாரும் சிரித்தோம். அதில் முதலில் சிரித்தவள் நான்தான். ஒவ்வொன்றையும் எழுதியவுடன் மாடியிலிருந்து இறங்கி வந்து என்னிடம் நீட்டி, நான் எந்த வரியில் சிரிக்கிறேன் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பிறந்தநாள் வாழ்த்து. அவருடைய பழைய அலுவலகத்தில் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் அன்று பிறந்தநாள் காணும் வாடிக்கையாளர்களின் பெயர்கள் வருமாம். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, எதிர்முனையில் எடுத்த உடனேயே முழுப் பாட்டையும் பாடி முடித்து, கடைசியில் "உங்களுக்காக ரூம் போட்டு வச்சிருக்கோம்" என்று சொல்ல வேண்டும். நல்ல குரல். சுரக்குடிக்கு வந்த பிறகும் விடவில்லை. பால்காரர், பேங்க் மேனேஜர், என் கணக்கு டீச்சர் எல்லாருக்கும் விடிந்ததும் போன் போகும். டீச்சர் அன்று முழுவதும் யாரையும் திட்டவில்லை. வருடத்தில் எனக்குப் பிடித்த நாள் அது.

காரைக்காலில் புத்தக வெளியீட்டுக் கூட்டம் நடந்தது. நாற்காலிகள் நிறைந்து ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். பாதிப் பேர் பிறந்தநாள் பாட்டுக்கு நன்றி சொல்ல வந்தவர்கள். அவர் பேசினார், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். பின்னால் தண்ணீர் கேன்கள் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் ஓர் அம்மா கையைத் தூக்கினார். அழைப்பிதழ் பெற்று வந்தவர் இல்லை. கூட்டத்துக்குத் தண்ணீர் கேன் கொண்டுவந்து இறக்கியவர். போலகத்தில் குடிநீர் கேன் நிரப்பும் சிறிய ஆலை வைத்து, லோடு ஆட்டோவைத் தானே ஓட்டி ஊர் ஊராகப் போடுகிறவர். மைக் அவர் வரைக்கும் எட்டவில்லை. அது தேவையாகவும் இல்லை.

"அண்ணே, நான் மங்கை. பட்டினத்து செல்வராசு வூட்டுக்காரி. புஸ்தகத்துல எல்லாரும் இருக்காங்கன்னு பேசிக்கிறாங்க. எங்க வூட்டுக்காரரு இருக்காரா?"

பெரியப்பா கையிலிருந்த புத்தகத்தை மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"அன்னிக்குப் போன்ல பாடுனீங்களே, அது இருக்கா?"

பாட்டைப் பற்றிய பாராட்டு என்று நினைத்து முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். பெரியப்பா மைக்கை வாயிலிருந்து இறக்கினார். "இல்லம்மா" என்றது எங்களுக்கு உதட்டசைவில்தான் தெரிந்தது.

"சரி" என்றார் அந்த அம்மா. காலிக் கேன்களைக் கைக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலையில் பெரியப்பா மாடியிலிருந்து இறங்கவில்லை. நான் காப்பி எடுத்துக்கொண்டு மேலே போனேன். "சிரிக்காம கேக்குறியா?" என்றார். அப்போதுதான் செல்வராசு மாமாவைப் பற்றி முதல் முறையாகக் கேட்டேன்.

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. செல்வராசு மாமாவுக்குத் திருமலைராயன்பட்டினத்தில் பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கிற கடை. பெரியப்பா கோவாவுக்கு மாற்றலாகிப் போன பிறகு, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போடா என்று நண்பனைக் கூப்பிட்டார். டிக்கெட், அறை எல்லாம் கம்பெனி செலவு. மற்ற விருந்தாளிகளுக்கு ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டை. இவருக்கு மட்டும் பெரியப்பாவே ஒரு மரப்பலகையை வாங்கி, சிவப்புப் பெயிண்டில் தமிழில் எழுதினார். 'திரு. செல்வராசு, திருமலைராயன்பட்டினம்.' ஊர்ப் பெயரே பாதிப் பலகையைத் தின்றுவிட்டதாம். அதைப் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்றார். செல்வராசு மாமா அந்தப் பலகையைக் கையோடு ஊருக்குக் கொண்டுவந்து கடையில் பெயிண்ட் டப்பாக்களுக்கு மேலே மாட்டினார். "கல்யாணப் பத்திரிகைல கூட என் பேர இவ்ளோ பெருசா போடலடா" என்று சொன்னாராம்.

"மொத தடவ நான் கூட்டாளியா கூப்புட்டேன்" என்றார் பெரியப்பா. "ரெண்டாவது தடவ ஆபீஸ் கூப்புட்டுச்சு. மூணாவது தடவ அவனே வந்தான். வராதடான்னு சொல்ல எனக்கு வாய் இருந்துச்சு. ரூம் போட்டுக் குடுத்தேன்."

கடை போனது. ஊரில் யாருக்கும் தெரியாமல் நடந்து, ஒரே நாளில் எல்லாருக்கும் தெரிந்தது. செல்வராசு மாமா கடையின் பின் அறையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பட்டினத்துச் செய்தி கோவாவுக்கு எட்டவில்லை. சில நாட்களில் அவருடைய பிறந்தநாள் வந்தது. கம்ப்யூட்டர் பெயரைக் காட்டியது. பெரியப்பா போன் செய்தார். எதிர்முனையில் எடுத்தார்கள். வழக்கம்போல ஒரு வார்த்தை கேட்காமல் பாட ஆரம்பித்தார். முழுப் பாட்டையும் பாடினார். "இந்த வாட்டி ஆத்தப் பாத்த ரூம்டா, ஒனக்குன்னே போட்டு வச்சிருக்கேன்" என்று முடித்தார்.  எதிர்முனையில் வந்தது மங்கை அத்தையின் குரல்.

"அண்ணே, அவரு போயிட்டாரு. பாட்டு இன்னும் இருக்கா?"

மங்கை கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் பெரியப்பா. உண்மையாகவே கேட்ட மாதிரி இருந்ததாம்.

"அன்னிக்கே வேலைய விட்டுட்டேன்னு சொன்னா கேக்க நல்லாருக்கும். விடல. அதுக்கப்புறமும் வருசக்கணக்கா அங்கதான் இருந்தேன். மறுநாள் காலைல வேற பேரு வந்துச்சு. பாடுனேன்."

காப்பி ஆறிப்போயிருந்தது. நான் ஏதாவது கடித்துவிடுவேனோ என்று பயந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

அந்த வருடம் என் பிறந்தநாளுக்கு மேசை மேல் ஒரு டப்பா சாக்லேட் இருந்தது. பாட்டு இல்லை. பால்காரருக்கும் இல்லை, டீச்சருக்கும் இல்லை. டீச்சர் வழக்கம்போலத் திட்டினார்.

இரண்டாவது புத்தகத்துக்கு மாத இதழ்க்காரர்கள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். செல்வராசு பற்றிய அத்தியாயம் இல்லாமல் அது வராது, மங்கை படித்துச் சரி என்று சொல்லாமல் அந்த அத்தியாயமும் வராது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். முதல் தடவை எழுதியதை எடுத்துக்கொண்டு போலகத்துக்குப் போனோம். அத்தை ஆலையில் ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் எதிரிலேயே படித்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் உதடு லேசாக விரிந்தது. பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அது தெரிந்தது.

படித்து முடித்துத் தாள்களை அடுக்கிக் கொடுத்தார். "நல்லா எழுதியிருக்கீங்கண்ணே. ஆனா இதுல நீங்கதான் இருக்கீங்க. அவரு வந்து வந்து ஒங்களுக்கு எடம் விட்டுட்டுப் போறாரு."

 திரும்பி வந்து வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் பெரியப்பா என் கையில் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். "ஒனக்கு எங்கெல்லாம் சிரிப்பு வருதோ அங்கெல்லாம் அடி" என்றார். என்னிடம் இதைவிட விபரீதமான வேலையை யாரும் கொடுத்ததில்லை. நான் அடித்தேன். மனிதருக்கு வாக்கியத்துக்கு வாக்கியம் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். துக்கமான இடத்திலும் ஒரு சின்ன நக்கல் எட்டிப்பார்க்கும். எல்லாவற்றையும் அடித்தேன். மிச்சம் இருந்ததை அவர் திருத்தி எழுதினார். மறுபடி போலகம். இந்த முறை அத்தைக்கு உட்காரக்கூடத் தேவைப்படவில்லை.

"போலீஸ்ல குடுத்த கம்ப்ளெயிண்ட் மாதிரி இருக்குண்ணே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பாதிய அடிச்சிட்டியாக்கும்" என்றார். என் பேனா வேலை அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அதற்குள் பெரியப்பாவின் கால்கள் வீங்க ஆரம்பித்திருந்தன. இராத்திரி பகல் தெரியாத கூடங்களில் முப்பது வருடம் இருந்ததற்கு உடம்பு பதில் சொன்னது. வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்கும் சிகிச்சை. மற்ற நாட்களில் மாடியில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாக எழுதினார். என்னிடம் காட்டவில்லை. "ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பழையபடி எழுத வரும்" என்றார். எழுதி முடித்து, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில், அப்பா எவ்வளவோ தடுத்தும் ஸ்கூட்டரைத் தானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அத்தை அன்று லோடு ஏற்றிக்கொண்டிருந்தாராம். வாங்கி ஆட்டோ சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, "படிச்சிட்டுச் சொல்றேண்ணே" என்றாராம்.

அதற்கு அடுத்த வாரம் உடம்பு ரொம்பவும் முடியாமல் போய், புதுச்சேரியில் சேர்த்தோம்.

அது அரசு ஆஸ்பத்திரி. நான் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது கட்டிலைத் தட்டிக் காட்டினார். "ஊருக்கெல்லாம் ஓசி ரூம் போட்டேன். கடைசில எனக்கும் ஒருத்தன் போட்டுட்டான் பாரு. ஜன்னல் வேற இருக்கு." நான் சிரித்தேன். அவருக்கு அது வேண்டியிருந்தது. பிறகு குரலை இறக்கி, "மங்கை போன் பண்ணுச்சா?" என்றார். இல்லை என்றேன். "சரி, லோடு இருக்கும்" என்றார். செவ்வாய்க்கிழமை போனில் பேசியபோதும் அதையே கேட்டார். புதன்கிழமையும் கேட்டார். அத்தைக்கு நானே போன் செய்து கேட்கட்டுமா என்றேன். "வேணாம். நான் ஆயிரம் பேரப் போன் பண்ணிப் பண்ணி வரவழைச்சவன். இது அதுவா சொல்லணும்" என்றார். சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் போலகம் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவர் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

வியாழக்கிழமை பிற்பகலில் வீட்டு வாசலில் பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தபோது, ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருந்த மாமா அப்பாவுக்குப் போன் செய்தார். ஓட்டுநருக்கு வழி தெரியவில்லை, செல்பேசி வரைபடம் எங்கெங்கோ சுற்றவிடுகிறது, திருநள்ளாறு சாலையில் சுரக்குடிக்குத் திரும்புகிற இடத்தில் யாரையாவது நிற்கச் சொல்லுங்கள் என்றார். அப்பா சுற்றிலும் பார்த்தார். நான் போகிறேன் என்றேன்.

கட்டிலுக்கு அடியில் என் அட்டை இருந்தது. சனிக்கிழமைக்காகச் செய்தது. அதில் எழுதியிருந்தது இது: 'ஓசி ரூம் புகழ் காலி மூர்த்தி அவர்களே, வருக. வாடகை பாக்கி.' அதைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அப்பாவின் தடித்த பேனாவை எடுத்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் பெயரை ஒழுங்காக எழுதினேன். 'திரு. சு. கலியமூர்த்தி, சுரக்குடி.'

திருப்பத்தில் போய் நின்றேன். நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ வேகம் குறைத்து என் பக்கத்தில் நின்றது. பின்னால் தண்ணீர் கேன்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் சொல்லியிருக்கவில்லை. சாவு வீட்டுக்குத் தண்ணீர் வேண்டியிருக்கும் என்று அவராகவே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

மங்கை அத்தை இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"இன்னும் வரலியா?"

"இல்லத்தை. வந்துக்கிட்டு இருக்கு."

அத்தை சாலையை எட்டிப் பார்த்தார். "முந்தாநாளே படிச்சிட்டேன் கயலு. சனிக்கிழமை வராங்கன்னு சொன்னாங்க. இதப் போய் போன்ல சொல்றதா, நேர்ல சொல்லுவோம்னு இருந்துட்டேன்." முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "போன்லன்னாலே எனக்கு ஆவ மாட்டேங்குது."

 "என்ன சொல்ல இருந்தீங்க அத்தை?"

"போடச் சொல்லத்தான். பாட்டுப் பாடுனது, நான் கேட்டது, அதுக்கப்புறமும் அங்கயே கெடந்தது, எல்லாத்தையும் மறைக்காம எழுதிட்டாரு. எங்க வூட்டுக்காரரு வந்துட்டாரு அதுல. ஒரே ஒரு எடந்தான் தப்பு." ஆட்டோவின் சீட்டைத் தூக்கித் தாள்களை எடுத்தார். ஒரு பக்கத்தின் மூலை மடித்திருந்தது. "ஏர்போர்ட்டுல போர்டப் பாத்துட்டு இவரு அழுதாருன்னு எழுதியிருக்காங்க. அழல. சிரிச்சாரு. ஏர்போர்ட்டே திரும்பிப் பாக்குற மாதிரி சிரிச்சேன் மங்கைன்னு வந்து அத்தன தடவ சொல்லியிருக்காரு. ஒங்க பெரியப்பாவுக்கும் அது தெரியும்."

தெரியும். எனக்கும் தெரியும். முதல் தடவை எழுதியபோது அந்த இடத்தில் சிரிப்புதான் இருந்தது. அதைச் சிவப்புப் பேனாவால் அடித்தது நான். மூன்றாவது தடவை அவர் தனியாக எழுதியபோது, அங்கே கண்ணீரை வைத்திருக்கிறார். எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று அவரே ஊகித்து, கேட்பதற்கு முன்னால் கொண்டுவந்து வைப்பதுதான் முப்பது வருடம் அவர் செய்த தொழில். அந்தக் கை கடைசி வரைக்கும் அவரை விடவில்லை.

"நான் அழுகைய கேக்கல" என்றார் அத்தை. "நடந்தத கேட்டேன். அந்த ஒரு எடத்துல அவரு சந்தோசமா இருந்தாரு. அதையும் எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு? மாத்திட்டுப் போடுங்க."

பிறகு என் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார்.

"நீ எழுதுனதா?"

"ஆமாத்தை."

"எங்க வூட்டுக்காரருக்கு எழுதுனது இன்னும் பெருசா இருக்கும். கடன்காரங்க கடைல இருந்த எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போனாங்க. அத மட்டும் யாரும் கேக்கல. ஆலைல கேன் அடுக்குற எடத்துக்குப் பின்னாடி வச்சிருக்கேன்." என் முழங்கையைத் தட்டி, "நல்லா ஒசத்திப் புடி. டிரைவருக்குத் தெரியணும்" என்றார்.

உயர்த்திப் பிடித்தேன்.

ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல்தான் வந்தது. ஓட்டுநர் தலையை நீட்டி அட்டையைப் படித்தார். "சுரக்குடி கலியமூர்த்தி, இதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே மாமா பெரியப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தார். நான் அட்டையைப் பிடித்தபடி முன்னால் நடந்தேன். வண்டி என் பின்னால் மெதுவாக வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் கேன்களோடு அத்தையின் ஆட்டோ.

வாசலில் இறக்கும்போது எல்லாரும் அழுதார்கள். நான் அவர் காதருகே குனிந்தேன். மற்றவர்கள் வேறு ஏதோ சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். "பெரியப்பா, மங்கை அத்தை படிச்சிட்டாங்க. போடச் சொல்லிட்டாங்க. ஒரே ஒரு வரி மட்டும் மாத்தணுமாம்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அதே மாதிரி. அதில் ஒன்றும் மாறவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மாடி அறையில் உட்கார்ந்து அந்த வரியை நானே திருத்தினேன். இப்போது அது இப்படி இருக்கிறது: 'பலகையைப் பார்த்ததும் அவன் சிரித்தான். விமான நிலையமே திரும்பிப் பார்த்தது.' தாள்கள் அச்சகத்துக்குப் போய்விட்டன. முதல் பிரதி போலகத்துக்கு.

எத்தனையோ பேரைப் பெயர் சொல்லி வரவேற்றீர்கள், பெரியப்பா. வழியனுப்ப எங்களுக்கு ஓர் அட்டைதான் இருந்தது. எழுத்து கொஞ்சம் சிறிதாகப் போய்விட்டது. அடுத்த தடவை பெரிதாக எழுதுகிறேன் என்று சொல்ல வழியில்லை.